பகலில் நடமாடும் பாலைவன எலி: அந்தக் கூட்டுக் குடும்பம் உண்மையா?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் முதுகில் கோடு போட்ட ஒரு சின்ன எலி இருக்கிறதாம். மற்ற பாலைவன எலிகளைப் போல இரவில் வராமல் பகலில்தான் நடமாடுமாம். கூட்டுக் குடும்பமாக வாழுமாம், அப்பா எலியும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளுமாம். இதில் எவ்வளவு உண்மை? தண்ணீருக்கு அது என்ன செய்கிறது?

எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டுக் குடும்பத்தைப் பாசத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். தனியாகப் போக இடம் கிடைத்தால் இந்த எலி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு முன்னால் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசுகிறவர்கள் இதை 'ஸ்ட்ரீப்மெய்ஸ்' என்பார்கள். நேர்ப்பொருள் கோடு போட்ட எலி. வரிக்குதிரை என்ற சொல் நம்மிடம் இருப்பதால் நான் இதை வரியெலி என்றே எழுதப் போகிறேன். அறிவியல் பெயர் ராப்டோமிஸ் பியூமிலியோ. கிரேக்கத்தில் 'ராப்டோஸ்' என்றால் கோல், 'மிஸ்' என்றால் எலி. லத்தீனில் 'பியூமிலியோ' என்றால் குள்ளன். இதை முதலில் விவரித்துப் பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவரான ஆண்டர்ஸ் ஸ்பார்மன் என்ற ஸ்வீடன்காரர், 1784-இல். வளர்ந்த எலி ஏறக்குறைய 40 கிராம் இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். முதுகில் நான்கு கருங்கோடுகள், நடுநடுவே வெளிறிய பட்டைகள். எட்ட நின்று பார்த்தால் வால் மயிரை மழித்துவிட்ட அணில் குஞ்சு என்று தோன்றும்.

ஒரு சிக்கலை இங்கேயே தீர்த்துவிடலாம். நெடுங்காலம் தெற்கு ஆப்பிரிக்கா முழுவதும் இருந்த கோடு போட்ட எலிகளை எல்லாம் ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு பிரித்தார்கள். கிழக்கே மழை அதிகமுள்ள புல்வெளிகளில் இருப்பது ராப்டோமிஸ் டைலெக்டஸ். நாம் பேசும் பியூமிலியோ மேற்கே வறண்ட பக்கத்தைச் சேர்ந்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வாழ்க்கை முறைதான் ஏணி வைத்தாலும் எட்டாது. புல்வெளிப் பெண் எலி தனக்கென ஓர் இடத்தை வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிறது. ஆண் தனியாகச் சுற்றுகிறது, குட்டிகளும் வளர்ந்ததும் பிரிந்து போய்விடுகின்றன. பழைய நூல் ஒன்றில் 'வரியெலி தனியாக வாழ்வது' என்று படித்தால் குழம்ப வேண்டாம், அது புல்வெளியைப் பார்த்து எழுதியது.

இனி இடம். பாலைவனம் என்றதும் மணல் மேடு மணல் மேடாக நினைத்துக்கொள்கிறோம். அந்த மாதிரி மேடுகள் நமீபியாவில் உள்ள நமீப் பாலைவனத்தில் உண்டு. அங்கே பாதத்தின் அடியில் மயிர் முளைத்த ஜெர்பில் எலிகள் இரவில் மணலில் விதை பொறுக்கித் தின்னும். நிலா வெளிச்சமே அவற்றுக்குப் பயம். மணலில் விளக்கு வைத்துச் சோதித்தபோது வெளிச்சம் பட்ட இடங்களில் அவை குறைவாகவே மேய்ந்தன. நீங்கள் மனதில் வைத்திருக்கும் 'பாலைவன எலி' அதுதான். வரியெலி அதிகம் ஆராயப்பட்ட இடம் வேறு. தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், ஸ்பிரிங்பாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கூகாப் காப்பகம். அந்தப் பெயருக்கு அங்குள்ள பழங்குடி மொழியில் நீர்நிலை என்று பொருள். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பெய்யும் மழை சராசரியாக 160 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஒரே நாளில் இதைவிட அதிகம் கொட்டியிருக்கிறது!

ஆனால் அந்த 160 மில்லிமீட்டர் வரும் விதம் முக்கியம். அது குளிர்கால மழை. ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை மெதுவாக, பெரும்பாலும் தவறாமல் வரும். அதை நம்பி சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட செடிகள் ஆயிரக்கணக்கான வகைகளில் பெருகிவிட்டன. 'சக்குலன்ட் கரூ' என்று இந்த நிலத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். உலகின் வறண்ட நிலங்களில் தாவர வகைகள் இவ்வளவு நெருக்கமாக உள்ள இடம் வேறு கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் தரை முழுக்க ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துவிடும். அதைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எலிக்கு அதுதான் தீபாவளி. பூ, கொழுந்து, விதை, நடுவில் ஒன்றிரண்டு பூச்சி என்று எல்லாம் கிடைக்கும். குட்டி போடுவதும் அந்த மாதங்களில்தான். டிசம்பருக்குப் பிறகு எல்லாம் காய்ந்து, பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும். அடுத்த மழை வரை இருப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வட அமெரிக்கக் கங்காரு எலி காய்ந்த விதையைத் தின்று, உடலே உண்டாக்கும் நீரை வைத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக்கிச் சமாளிக்கும் என்று படித்திருப்பீர்கள். வரியெலி அவ்வளவு தூரம் போவதில்லை, தண்ணீரைத் தின்றுவிடுகிறது. சதைப்பற்றுள்ள இலை என்பது பச்சைத் தோலுக்குள் அடைத்து வைத்த தண்ணீர்தானே. குடிக்க ஒரு குட்டையும் இல்லாத இடத்தில் இந்த எலி வாழ்வதன் ரகசியம் அவ்வளவுதான். கோடையில் அதற்கு நெருக்கடி தருவது சத்துக் குறைவு. இலை கிடைக்கும், அதில் புரதம் இருக்காது. அப்போது எலிகள் இளைக்கும், ஓய்விலிருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைந்துவிடும். இளம் எலிகள் ஓடியாடுவதையும் குறைத்துக்கொள்கின்றன என்று ஆய்வில் தெரிந்தது. முந்தைய ஆண்டிலிருந்து தப்பிப் பிழைத்த கிழட்டு எலிகள் அப்படிக் குறைத்துக்கொள்வதில்லை.

சரி, பகலில் ஏன்? காலைப் பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். குளிர்கால இரவில் வெப்பம் பூஜ்யம் வரை இறங்கியிருக்கும். முள் அடர்ந்த ஒரு புதர், அதன் நடுவில் காய்ந்த புல்லைச் சுருட்டி வைத்த கூடு. வெயில் புதரின் கிழக்குப் பக்கத்தைத் தொட்டதும் ஒரு மூக்கு வெளியே வரும். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு எலிகள் புதரின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து, மயிரைச் சிலிர்த்துப் பந்து மாதிரி ஆகி, முதுகை வெயிலுக்குக் காட்டும். ஒன்றை ஒன்று முகர்ந்து பார்க்கும், பக்கத்திலிருப்பதன் கழுத்தைக் கோதிவிடும். டீக்கடை பெஞ்சில் காலை வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். உடம்பைச் சூடாக்க உள்ளே எரிக்க வேண்டிய சாப்பாட்டை வெயிலிடமிருந்து இலவசமாக வாங்குகிறது என்று சொல்லலாம். இரவில் ஒரே கூட்டில் ஒட்டிப் படுப்பதும் அதே கணக்குதான். ஒன்றாகப் படுக்கும் எலிகளின் அன்றாட ஆற்றல் செலவு குறைகிறது என்பதை காட்டில் வாழும் எலிகளிலேயே அளந்து 2006-இல் வெளியிட்டார்கள்.

வெயில் காய்ந்து முடிந்ததும் எழுந்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் போய்விடும். கூட்டமாக மேய்வது கிடையாது. கோடையில் நடுப்பகலில் நிழலில் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி கிளம்பும். அந்தியில் எல்லாம் ஒரே புதருக்குத் திரும்பும். சாப்பாட்டுக்கு அவரவர் வழி, படுக்கைக்கு ஒரே வீடு.

பகலில் நடமாடுவதற்கு விலையும் உண்டு. மேலே பருந்து இனங்கள், கீழே கேப் நாகமும் பஃப் ஆடர் விரியனும். திறந்த வெளியில் இந்த எலி நின்று மேய்ந்து பார்ப்பது அரிது, ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு அம்பு மாதிரி ஓடும்.

ஆனால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தப் பகல் பழக்கம் ஒரு வரம். எலி ஆராய்ச்சி என்றால் பொதுவாகக் காலையில் பொறியைத் திறந்து 'நேற்று இரவு இங்கே ஒன்று வந்திருக்கிறது' என்று எழுதிக்கொள்வதோடு சரி, எலி என்ன செய்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரியெலி பழகிவிட்டால், சில மீட்டர் பின்னால் நோட்டும் கையுமாக ஓர் ஆள் நடந்து வருவதைக் கண்டுகொள்ளாது. கார்ஸ்டன் ஷ்ராடின் என்ற ஆய்வாளர் நெவில் பிள்ளையுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து 2001 முதல் கூகாப்பில் இதைத்தான் செய்துவருகிறார். புதருக்கடியில் சிறிய உலோகப் பொறி வைப்பார்கள். உள்ளே போடும் இரை தவிட்டு அவல், உலர்திராட்சை, கொஞ்சம் கடல் உப்பு, சமையல் எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்த உருண்டை. (படிக்கும்போது எனக்கே பசித்தது.) மாட்டிய எலியை எடை போட்டு, காதில் சின்ன உலோக எண் மாட்டி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய உடம்பில் தலைமுடிச் சாயத்தால் ஒரு குறி வைத்து அங்கேயே விட்டுவிடுவார்கள். சிலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை. ராத்திரி அது எந்தக் கூட்டில் படுக்கிறது என்பது அப்படித் தெரியும். எந்த எலி எந்த வீட்டு எலி என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் தெரிந்த குடும்பம் இப்படி. இனம் பெருக்கும் ஆண் ஒன்று, இனம் பெருக்கும் பெண்கள் இரண்டு முதல் நான்கு, அவற்றின் வளர்ந்த மகன்களும் மகள்களும். எல்லாம் சேர்ந்து சில சமயம் முப்பது வரை போகும். வசந்தத்தில் பிறந்த குட்டிகள் பெரியவையான பிறகும் போகாமல், அடுத்த வசந்தம் வரை பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும். புதிதாகப் பிறக்கும் தம்பி தங்கைகளைக் கதகதப்பாக வைத்திருக்கவும் எல்லையைக் காக்கவும் உதவும். பெண்கள் ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் உண்டு. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

2003-இல் கடுமையான வறட்சி வந்தது. எலிகள் கொத்துக் கொத்தாகச் செத்து எண்ணிக்கை சரிந்தது. மிஞ்சியவை ஒன்றாகச் சேர்ந்து ஆறுதல் தேடும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. எண்ணிக்கை குறைந்த அந்தக் காலத்தில் எலிகள் தனித்தனியாக வாழத் தொடங்கின. புதர்களும் எல்லைகளும் காலியாகிவிட்டன, போய்க் குடியேற இடம் இருந்தது.

ஒரு வறட்சியை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதால் பிறகு அதையே சோதனையாகச் செய்தார்கள். ஓர் இடத்தில் எலிகளின் நெருக்கத்தைக் குறைத்துவிட்டு, மிச்சமிருப்பவை என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் குறைத்தபோது எலிகள் தனிக்குடித்தனம் போயின. இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் குறைத்தபோது, இடம் இருந்தும் சேர்ந்தே இருந்தன. 2010-இல் வெளியான இந்த ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். குளிரில் ஒட்டிப் படுக்கக் கூட்டம் வேண்டும். குட்டி போடும் நேரத்தில் கூட்டம் வேண்டாம், ஏனென்றால் ஒரே கூட்டில் இரண்டு தாய்கள் இருந்தால் ஒன்று மற்றதன் குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. பால் கொடுக்கும் அதே பெரியம்மாதான். ஆனாலும் நல்ல மழை ஆண்டில் பக்கத்துப் புதரெல்லாம் வேறு குடும்பங்களின் கையில் இருக்கும், போக வழி இருக்காது. அதனால் மாமியார் வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் மருமகள் மாதிரி இருந்துவிடுகிறது. (உறவு முறை சரியாகப் பொருந்தாது. பெண் எலி இருப்பது பெரும்பாலும் பிறந்த வீட்டில்தான்.)

வீட்டுப் பஞ்சம் தங்கள் இனத்தோடும் நிற்பதில்லை. அதே நிலத்தில் புதர்க் கரூ எலி என்று பெரிய எலி ஒன்று இருக்கிறது. அதுவும் பகலில்தான் நடமாடும். புதருக்கடியில் சுள்ளிகளைக் குவித்துக் கோட்டை மாதிரி வீடு கட்டும். நல்ல புதருக்கு இரண்டு இனங்களுக்கும் போட்டி.

ஆண்களின் கதை தனி. ஓர் ஆண் எலி மூன்று விதமாக வாழலாம். வீட்டோடு தங்கிய பிள்ளையாக இருக்கலாம், எந்தக் குடும்பத்திலும் சேராமல் ஊர் சுற்றலாம், அல்லது ஒரு குடும்பத்தின் தலைவனாகலாம். இவை மூன்று சாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே எலி எடை கூடக்கூட ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும். கனமான ஆண்தான் தலைவன் ஆக முடியும். 2009-இல் இந்த மூவரின் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தலைவனுக்குத்தான் அதிகம் இருக்கும் என்று நீங்களும் நானும் பந்தயம் கட்டியிருப்போம், தோற்றிருப்போம். அதிகம் இருந்தது ஊர் சுற்றிக்கு. தலைவனுக்கு அதைவிடக் குறைவு. வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, மன அழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் கார்ட்டிகோஸ்டிரோன் அதிகம். அது வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றத் தொடங்கியதும் இரண்டும் தலைகீழாக மாறுகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் நாலு பெண்களைச் சுற்றி ஓர் ஆண் காவல் இருக்கும்போது, புகுந்து வர நினைக்கும் அந்நியனுக்கு ஓட்டமும் துணிச்சலும் அதிகம் தேவைப்படும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அப்பா விஷயம். பாலூட்டிகளில் அப்பா குட்டியைக் கவனிப்பது அரிது. வரியெலி அப்பா கூட்டில் குட்டிகளின் மேல் கவிந்து உட்கார்ந்து சூடு கொடுக்கிறது, நக்கிச் சுத்தம் செய்கிறது. பால் கொடுப்பதைத் தவிர தாய் செய்வதில் பெரும்பகுதியைச் செய்கிறது. இதனால் குட்டிக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று குளிர்ந்த சூழலில் வைத்துப் பார்த்தபோது, அப்பா உடனிருந்த குட்டிகள் வேகமாக வளர்ந்தன. அவை மயிரில்லாமல் பிறக்கின்றன, வெளியே இரவு உறைகிறது, தாய் மேயப் போயே ஆக வேண்டும். அந்த நேரத்தில் 50 கிராம் எடையுள்ள ஒரு வெந்நீர்ப் பை பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமா? கர்ப்பகாலம் சுமார் 23 நாள், ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டி வாக்கில். இரண்டு வாரம் தாண்டியதும் தாமே கொறிக்கத் தொடங்கிவிடும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு வாழ்வில் ஒரே ஒரு வசந்தத்தில்தான் குட்டி போட வாய்ப்பு. இரண்டாவதைப் பார்க்க உயிரோடு இருப்பவை மிகக் கொஞ்சம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கோடு. அணிலுக்கு ராமர் தடவிக் கொடுத்தார் என்று நம்மிடம் கதை இருக்கிறது. வரியெலிக்கு யார் போட்டது? 2016-இல் ரிக்கார்டோ மல்லரினோ, ஹோபி ஹூக்ஸ்ட்ரா குழுவினர் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைத்தது. ஏஎல்எக்ஸ்3 என்ற மரபணு, முகத்தின் எலும்பு வளர்ச்சியில் வேலை செய்வதாக முன்பே தெரிந்த ஒன்று. வெளிறிய கோடு வரப்போகும் தோலில் இது மும்முரமாக வேலை செய்து, நிறமி உண்டாக்கும் செல்களை வளரவிடாமல் அடக்குகிறது. அதாவது இங்கே வெள்ளை என்பது பூசிய சாயம் கிடையாது, கறுப்பை வரவிடாமல் தடுத்த இடம். எலி பிறப்பதற்கு முன்பே இந்தக் கோட்டின் திட்டம் தோலில் வரையப்பட்டுவிடுகிறது. வட அமெரிக்காவில் கோடு போட்ட சிப்மங்க் என்ற அணில் வகை ஒன்று உண்டு. எலிக்கும் அதற்கும் பொது மூதாதை சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால். கோட்டை இருவரும் தனித்தனியாகத்தான் உருவாக்கிக்கொண்டார்கள். சோதித்தால் அங்கேயும் அதே ஏஎல்எக்ஸ்3! நம் முதுகுக்கோட்டு அணிலில் இதை யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும்.

பகலில் விழித்திருப்பதால் ஆய்வுக்கூடத்திலும் இதற்கு இப்போது மதிப்பு வந்துவிட்டது. வழக்கமான வெள்ளெலியும் சுண்டெலியும் இரவு விலங்குகள். மனிதரின் தூக்கம், பகல் வெளிச்சம் பற்றிய கேள்விகளை அவற்றிடம் கேட்டால் பதில் தலைகீழாக வரும். மான்செஸ்டரில் உயிர்க் கடிகாரத்தை ஆராய்பவர்கள் வரியெலியை வைத்துப் பார்த்தார்கள். பகல் வெளிச்சம் பளிச்சென்று இருந்தால் மூளையில் உள்ள கடிகாரத்தின் தாளம் வலுவாகிறது என்று 2021-இல் எழுதினார்கள்.

அழியும் நிலையில் இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை, இப்போதைக்குக் கவலைப்படும் பட்டியலில் இது இல்லை. அந்த நிலத்தின் குளிர்கால மழை தவறிப்போகும் ஆண்டுகள் கூடினால் கதை மாறலாம், 2003 அதைக் காட்டியது.

போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஆகஸ்ட் கடைசி வாரம் போங்கள். எல்லோரும் பூவைப் படம் எடுக்கப் பத்து மணிக்கு மேல் வருவார்கள், ஏனென்றால் அந்தப் பூக்கள் வெயில் ஏறினால்தான் விரியும். நீங்கள் வெயில் தரையைத் தொடும் நேரத்துக்கே போய், கிழக்குப் பார்த்த ஒரு புதருக்கு எதிரில் சத்தம் போடாமல் உட்காருங்கள். முதலில் மூக்குதான் வரும்.